குந்தவை ஏன் அவனை ஈழத்துக்கு அனுப்பினாள்?

சரித்திரக் காதல் கதையில் ஓர் ஒற்றன் வந்துவிட்டால் எனக்கு ஆர்வம் இரட்டிப்பாகிவிடும். ஆனாலும் இணையத்தில் இப்போது தொடராக வரும் இத்தகைய கதைகள் பலவற்றைப் பாதியிலேயே விட்டுவிடுகிறேன். ஒரு அத்தியாயம் முழுக்க வேவு, அடுத்த அத்தியாயம் முழுக்கக் காதல். நாயகன் மாறுவேடத்தில் கோட்டைக்குள் நுழைகிறான், சதியை ஒட்டுக்கேட்கிறான், சுவரேறித் தப்புகிறான். அப்புறம் நந்தவனத்தில் நாயகியைப் பார்க்கிறான். அங்கே அவன் ஒற்றன் என்பது அவனுக்கும் நினைவில்லை, அவளுக்கும் நினைவில்லை, எழுதுபவருக்கும் நினைவில்லை.

இரண்டையும் இப்படிப் பிரித்து வைத்தால் இரண்டுமே சப்பென்று போய்விடும். காதல் காட்சியிலேயே ரகசியம் கைமாற வேண்டும். யாரை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி அங்கேயே எழ வேண்டும்.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் சரித்திர நாவல் பொன்னியின் செல்வனை இன்றும் விடாமல் படிக்கிறோம். சோழப் பெருமைதான் காரணம் என்பார்கள். எனக்கு அது மட்டும் என்று தோன்றவில்லை. கதாநாயகன் வந்தியத்தேவன் காஞ்சியிலிருந்து சோழ இளவரசன் கரிகாலனின் ஓலையோடு வருகிறான். வழியில் கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்களின் ரகசியக் கூட்டத்தைக் கேட்டுவிடுகிறான். குடந்தை சோதிடர் வீட்டில் கரிகாலனின் தங்கை குந்தவையைப் பார்க்கும்போது அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது. பிறகு பழையாறையில் ஓலை அவள் கைக்குப் போகிறது. கடம்பூரில் கேட்டதையும் சொல்கிறான். அவளோ, சில நாள் முன்பு வரை முகம் தெரியாத இந்த இளைஞனிடம் இன்னோர் ஓலையைக் கொடுத்து, ஈழத்தில் இருக்கும் தன் தம்பியிடம் அனுப்புகிறாள்.

அந்த இடத்தில் இருவரும் காதல் வசனம் பேசத் தேவையே இல்லை. தம்பியின் உயிரையும் நாட்டின் நிலையையும் ஒருவன் கையில் கொடுப்பதை விடப் பெரிதாக அவள் என்ன சொல்லிவிட முடியும்? அவனும் அதை அப்படித்தான் வாங்கிக்கொள்கிறான். வேலை கொடுப்பவள் பெண், ஓலை சுமப்பவன் ஆண் என்று அமைத்ததும் அந்தக் காதலுக்குத் தனி அழகு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம், கரிகாலன் ஒருகாலத்தில் காதலித்த நந்தினி. அவளுடைய அழைப்பு கந்தமாறன் வழியாகக் கரிகாலனுக்குப் போகிறது. அவனைக் கடம்பூருக்குப் போகவிடாமல் தடுக்க குந்தவை வந்தியத்தேவனை அனுப்புகிறாள். எச்சரிக்கை உண்மையானது, உரிய நேரத்தில் வந்தும் சேர்கிறது. ஆனாலும் கரிகாலன் போகிறான், அங்கேயே கொல்லப்படுகிறான். ஒற்றர் படை எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், கேட்க வேண்டியவன் மனம் வேறு எங்கோ இருந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை.

இந்தப் பெரிய கதையின் அடியில் இருப்பவை சில கல்வெட்டு வரிகள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்கிறது. உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டம் இருந்திருக்கிறது. அரசு தந்த பட்டத்தைச் சுமந்தவனே கொலைகாரன். ஒரு பக்கம் ஒரு திருமணம், மறு பக்கம் ஒரு கொலை. நடுவில் இருக்கும் வெற்றிடத்தை எழுத்தாளர் நிரப்புகிறார். சரித்திரக் காதலுக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது.

நம் மரபும் இதற்கு வாகானது. குறளில் ஒற்றனுக்குச் சொல்லும் தகுதிகளைப் பாருங்கள்: சந்தேகம் வராத தோற்றம், உற்றுப் பார்த்தாலும் அஞ்சாமை, உள்ளே இருப்பதை எந்த நிலையிலும் வெளியே விடாமை. காமத்துப்பாலில், "ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல் காதலார் கண்ணே உள" என்கிறார் வள்ளுவர். பழக்கமே இல்லாதவர்கள் மாதிரி பார்த்துக்கொள்வது! ஒற்றனுக்குப் பயிற்சியில் வருவது காதலர்களுக்குத் தானாகவே வந்துவிடுகிறது. சங்க அகப்பாடல்களின் இரவுக்குறியிலும், அதாவது காதலர்களின் இரவு நேர ரகசியச் சந்திப்பிலும், காவலர்கள், குரைக்கும் நாய், காட்டிக்கொடுக்கும் நிலவு, ஊர் வாய் எல்லாம் உண்டு. நடுவில் தோழி செய்தி சுமக்கிறாள். வேவுக் கதைக்கு வேண்டிய அத்தனையும் அங்கேயே இருக்கிறது.

இன்னொரு ஆதங்கம். பெண் ஒற்று என்றாலே அழகைக் காட்டி மயக்குபவள் அல்லது விஷக்கன்னி என்றே எழுதுகிறார்கள். கௌடில்யரின் அரசியல் நூலான அர்த்தசாஸ்திரத்தைத் திறந்தால் அங்கே வேறொருத்தி இருக்கிறாள்: பிழைப்புத் தேடும் ஏழை விதவை, துறவுக்கோலம், துணிச்சல்காரி, அந்தப்புரத்தில் மரியாதை உண்டு, பெரிய அமைச்சர்களின் வீடுகளுக்குச் சாதாரணமாகப் போய்வருவாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு காதல் வந்தால் எப்படி இருக்கும்? துறவுக்கோலத்தைக் கலைத்தால் வேலையும் போகும், உயிரும் போகும். கலைக்காவிட்டால் அவள் யாரென்று அவனுக்கு ஒருநாளும் தெரியாது. மயக்கும் அழகியை விட நூறு மடங்கு வலுவான நாயகி இவள். இவளை வைத்து யாராவது எழுதினால் முதல் ஆளாக நான் படிப்பேன்.

களத்துக்கும் பஞ்சமில்லை. புறநானூற்று 47ஆம் பாட்டின் சூழலையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழர் இருவருக்குள் பகை. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை, ஒற்றன் என்று நினைத்து நெடுங்கிள்ளி கொல்லப் பார்க்கிறான். புலவர்கள் பரிசிலுக்காக ஊர் ஊராய்ப் போகிறவர்கள், பிறருக்குத் தீங்கு நினைக்காதவர்கள் என்று பாடி கோவூர்கிழார் காப்பாற்றுகிறார். அந்த உறையூரில் இளந்தத்தனுக்குத் தெரிந்த ஒரு பெண்ணைக் கற்பனை செய்து பாருங்கள். அவன் புலவன்தான், ஒற்றன் அல்ல என்று அரசனிடம் சாட்சி சொல்ல அவளால் முடியும். ஆனால் சொன்னால், அவனை எப்படித் தெரியும் என்ற அடுத்த கேள்வி அவளிடம் வரும். எழுதத் தெரிந்தவர்கள் இங்கே தொடங்கலாம்.