தனி ஆளுக்குப் பத்து அடி போதுமா?

தனியாக மீன்பிடிக்க 10 அடி கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். சின்னக் குளத்துக்குச் சரி. நான் போவது கனடாவில், ஒன்டாரியோவின் ஸ்கூகாக் ஏரிக்கு. ஆழம் குறைவு, அதனால் காற்று எழுந்தால் குட்டை அலைகள் விடாமல் முகப்பில் மோதும். அங்கே 12 அடி நீளம், 33 அங்குல அகலம் உள்ளதுதான் நேராகப் போகிறது. பாஸ் மீனைத் தூக்கப் பக்கவாட்டில் சாய்ந்தாலும் பயமில்லை.

அப்புறம், எடை தாங்கும் அளவை அப்படியே நம்பாதீர்கள். 160 கிலோ என்று போட்டிருந்தால் ஆள், தூண்டில், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 110 கிலோவுக்குள் நிற்கட்டும். மீறினால் படகின் தளத்தில் உள்ள வடிகால் துளை வழியாகத் தண்ணீர் மேலேறி, இருக்கைக்கு அடியில் தேங்கிவிடும்.

வாங்குமுன் தனியாகக் கார்மேல் ஏற்றிப் பாருங்கள். என்னுடையது 32 கிலோ. காரின் பின்பக்கம் ரப்பர் பாய் விரித்து, கயாக்கின் முனையைச் சாய்த்து வைத்துத் தள்ளித்தான் ஏற்றுகிறேன்.