மேடாக்கிட்டீங்க, தண்ணி எங்க போகும்?

நேத்து சென்னையில வீடு கிடைக்காததைப் பத்தி ஒரு விவாதம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ள கட்டட அனுமதி கொடுக்காதீங்கன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பர்ல சொல்லுச்சு. வீடு கிடைக்காததுக்கு இப்போ அதுதான் காரணமாம்! "விதியை நவீனமாக்குங்க, நாங்க மேடாக்கிக் கட்டிக்கிறோம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்றார் அந்த விவாதத்துல ஒருத்தர்.

மேடாக்குங்க சார். ஒரு ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்த 4,047 கன மீட்டர் மண் வேணும். மூணு யூனிட் (300 கன அடி) டிப்பர்ல கிட்டத்தட்ட 475 லோடு, அமுங்கறதையும் சேர்த்தா 550ஐத் தாண்டும். முப்பது சென்டிமீட்டர் அடுக்கா கொட்டி இறுக்கணும்னு நீர்வளத் துறை தடையில்லாச் சான்றுல நிபந்தனையும் போடும். உங்க கட்டடம் நல்லா நிக்கும். ஆனா அதே ஏக்கர்ல ஒரு மீட்டர் ஆழத்துக்கு நின்ன 40 லட்சம் லிட்டர் தண்ணிக்கு யார் சான்று தர்றது? அது பக்கத்து வீட்டுக்குப் போகும்.

அந்தப் பக்கத்து வீட்டைப் பாத்திருக்கீங்களா? வாசல்ல மூணு படி இருந்துச்சு. ரோடு ஏற ஏற மூணும் புதைஞ்சு போச்சு. இப்போ நிலைப்படிக்குக் குறுக்க முழங்கால் உயரத்துக்குச் செங்கல் தடுப்பு. அதைப் போட்டும் என்ன? வீடு சாக்கடை மட்டத்துக்குக் கீழ போயிட்டதால கழிவறை வழியாத் தண்ணி மேல வருது.

"மழைநீர் வடிகால்தான் போட்டாச்சே?" போட்டாச்சு. எங்க போய் விழுது? சதுப்புல. சதுப்புத் தண்ணி ஒக்கியம் மடுவுங்கற ஓடை வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போகணும். கடல் ஏத்தமா இருந்தா அதுவும் மெதுவாத்தான் வடியும். சதுப்பு நிறைஞ்சு வடிகால் வாய் முங்கிட்டா, அங்கிருந்து தெருவுக்குத்தான் தண்ணி வரும்.

"உனக்கு வீடு இருக்கு, பேசற." சரி, இருக்கட்டும். அதனால 40 லட்சம் லிட்டர் குறைஞ்சிடுமா?

ஒரு கிலோமீட்டர் வட்டம் சரியான்னா, இல்ல. காம்பஸ் வச்சுப் போட்ட வட்டம் அது. 900 மீட்டர்ல மேட்டுல மனை வச்சிருக்கறவர் தவிக்கிறார். 1,100 மீட்டர்ல ஏரி நிறைஞ்சா உபரித் தண்ணி போற கால்வாயை ஒட்டி இருக்கறவருக்குத் தடையே இல்ல. அதை மாத்துங்க, யார் வேண்டாம்னா? 2015லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணி நின்ன மட்டத்தை வச்சுக் கோடு போடுங்க. எவ்வளவு நிரப்பறீங்களோ அவ்வளவு வெட்டணும்னு சொல்லுங்க, அதுவும் அதே மட்டத்துல. ஆழமா ஒரு குழி தோண்டிட்டு "ஈடு கட்டிட்டோம்"னு சொல்லக்கூடாது. மழைக்காலத்துல அந்தப் பக்கம் நிலத்தடி நீர் மேலயே நிக்கும், பெருமழைக்கு முன்னாடியே குழி நிறைஞ்சிருக்கும். தரைத்தளத்துல தூண் மட்டும் விட்டுட்டு, சுத்திலும் காம்பவுண்டு சுவரை எழுப்பினா அதுவும் அணைதான்.

இதெல்லாம் செலவு. அதனாலதான் இவங்க நவீனத்துல இது வராது.

கூவம், அடையாறு கரையில இருந்தவங்களை வெள்ள ஆபத்துன்னு சொல்லித்தானே இந்தச் சதுப்புப் பக்கம் இருக்கற பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பினாங்க? அதுவும் வீட்டுத் திட்டம்தான். 2015ல செம்மஞ்சேரியிலயும் தண்ணி. அடுத்த விவாதத்துக்கு அவங்கள்ல ஒருத்தரைக் கூப்பிடுங்க. ஒரு நாற்காலி இருக்கும்ல?