ஆர்டோரியஸ் தோற்றுத்தான் போனான், விட்டுவிடுங்கள்

செத்துப்போன ஒரு வீரனுக்காக, அதுவும் உயிரோடு இருந்ததே இல்லாத ஒரு வீரனுக்காக, நேற்று இரவு நண்பர் ஒருவரோடு தொலைபேசியில் ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டேன். நடுவில் வந்த மனைவி, "யார் இந்த ஆர்டோரியஸ்? உங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். அவளிடம் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

'டார்க் சோல்ஸ்' என்ற வீடியோ கேமை ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற ஜப்பானிய நிறுவனம் 2011இல் வெளியிட்டது. இயக்கியவர் ஹிடெடகா மியாசாகி. ஆடுகிறவனைக் கொன்றுகொண்டே இருக்கும் விளையாட்டு என்று உலகெங்கும் பெயர் வாங்கியது. என்னைக் கட்டிப்போட்டது வேறு: கதையைச் சொல்லவே மாட்டேன் என்ற அதன் பிடிவாதம். ஒரு மோதிரத்தை எடுத்தால் அதன் குறிப்பில் இரண்டு மூன்று வரிகள் இருக்கும். ஒரு கல்லறைக்குப் பின்னால் ஒரு பிணம் கிடக்கும். யாருடையது, ஏன் அங்கே கிடக்கிறது என்று நாம்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். மியாசாகி சிறுவனாக இருந்தபோது, தனக்கு அரைகுறையாகப் புரிந்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் படித்து, புரியாத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். பெரியவரானதும் அதே வேலையை நம் தலையில் கட்டிவிட்டார். மூலம் நான்கு வரி, உரை நானூறு பக்கம். உரையாசிரியர்களின் மொழியில் பிறந்த நமக்கு இந்த நோயை யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாடபேதம் உண்டு, இடைச்செருகல் உண்டு, ஒரு சொல்லுக்காகக் கட்சி கட்டி அடித்துக்கொள்வதும் உண்டு.

முதலில் வந்த விளையாட்டில் ஆர்டோரியஸ் எங்கும் நேரில் வருவதில்லை. க்வின் என்ற அரசனின் நான்கு வீரர்களில் ஒருவன் அவன் என்பது தெரியும். மற்ற மூவர் ஆர்ன்ஸ்டீன், கியாரன், கஃப். எஃகு போன்ற மன உறுதி கொண்டவன், பெருவாள் வீச்சில் நிகரற்றவன் என்று ஓநாய் மோதிரத்தின் குறிப்பு புகழும். எல்லாவற்றையும் விழுங்கும் பாதாள இருளுக்குள் நடந்து போய் அதை வென்று திரும்பியவன் என்பது அந்த உலகத்தின் பெருங்கதை. காட்டுக்குள் அவனுக்கு ஒரு பெரிய கல்லறை இருக்கிறது. சிஃப் என்ற பிரம்மாண்டமான சாம்பல் ஓநாய் அதைக் காவல் காக்கிறது. அந்த ஓநாயைக் கொன்றால்தான் ஆர்டோரியஸின் மோதிரம் கிடைக்கும். அது இல்லாமல் பாதாளத்தில் கால் வைக்க முடியாது.

2012இல் கூடுதல் அத்தியாயம் வந்தது. அதில் நாம் பல நூற்றாண்டுகள் பின்னால் இழுக்கப்பட்டு, ஊலாசில் என்ற நாடு அழிந்துகொண்டிருக்கும் நாளில் போய் விழுகிறோம். அங்கே ஒரு வட்ட அரங்கில் ஆர்டோரியஸ் நிற்கிறான். பாட்டுடைத் தலைவனைப் பார்க்கப் போகிறோம் என்று ஆவலோடு போனால், வாளில் ஒரு பிணத்தைக் குத்தி வைத்துக்கொண்டு, உடலெங்கும் கருஞ்சேறு வழிய, ஓநாயைப் போல ஊளையிடுகிறான். இடது கை ஒடிந்து தொங்குகிறது. பேச்சு இல்லை. நம்மை யாரென்று பார்க்கும் நிலையிலும் இல்லை. பாதாளத்தை வென்றதாகச் சொல்லப்பட்டவனைப் பாதாளம் ஏற்கெனவே தின்று முடித்திருந்தது.

அவனை நாம் கொல்கிறோம். பிறகு கீழே இறங்கிப் போய், பாதாளத்தின் மூலமான மேனஸையும் நாமே கொல்கிறோம். கடத்தப்பட்ட இளவரசி டஸ்க் மீட்கப்படுகிறாள். பேர் மட்டும் ஆர்டோரியஸுக்குப் போய்ச் சேர்கிறது. தன்னைக் காத்தவர் மாவீரர் ஆர்டோரியஸ் என்றே டஸ்க் நம்புகிறாள். ஆனால் தன்னை மீட்டவரிடம் உணர்ந்ததை உங்களிடமும் உணர்கிறேன் என்று நம்மிடம் தயங்கித் தயங்கிச் சொல்வாள். அந்தத் தயக்கத்தை எழுதியவருக்கு ஒரு கும்பிடு.

இவ்வளவு தெளிவாக வைத்த பிறகும் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 'அவன் ஏன் போனான்' என்ற கேள்விக்கு இணையத்தில் சுற்றும் விடைகளைக் கேட்டால் தலை சுற்றும். க்வின் அவனைச் சாகட்டும் என்றே அனுப்பினான் என்பது ஒரு கட்சி. அவன் தோற்கவே இல்லை, பாதாளத்தைத் தன் உடம்புக்குள் வாங்கி அடைத்து வைக்க முயன்றான், அது ஒரு தியாகத் திட்டம் என்பது இன்னொரு கட்சி. வலிமைக்கு ஆசைப்பட்டு இருளோடு பேரம் பேசினான், பேரம் கையை மீறிப் போனது என்பது மூன்றாவது. என் நண்பர் இந்த மூன்றாவது கட்சியின் பேச்சாளர்.

எனக்கு இந்த மூன்றின் மீதும் ஒரே புகார். ஒரு நல்ல வீரன் தன் கடமையைச் செய்யப் போனான், போதாமல் போய்விட்டது என்பதை இவர்களால் தாங்க முடியவில்லை. தோல்விக்குப் பின்னால் ஒரு சதி வேண்டும், அல்லது ரகசியத் திட்டம் வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஒரு பேராசையாவது வேண்டும். வெறும் தோல்வி என்றால் செரிக்கவில்லை. இதைத்தானே அந்த விளையாட்டுக்குள் இருக்கும் மக்களும் செய்தார்கள்? அவன் விழுந்த இடத்தின் மேல் வெற்றிக் கதையைக் கட்டி, கல்லறையில் நட்டு வைத்தார்கள். அந்தப் பொய்க் கதையைப் பத்து மணி நேரம் ஆடி உடைத்துப் பார்த்த ரசிகர், கணினியை அணைத்துவிட்டு அதே இடத்தில் வேறொரு கதையைக் கட்டுகிறார்.

நண்பருக்கும் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். சிஃபிடமிருந்து கிடைக்கும் மோதிரத்தின் குறிப்பு, பாதாளத்தின் பிராணிகளோடு ஆர்டோரியஸ் செய்துகொண்ட உடன்படிக்கையின் சின்னம் அது என்கிறது. 'உடன்படிக்கை' என்ற சொல்லே அங்கு இருக்கிறது. மோதிரம் வேலையும் செய்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் நாம் பாதாளத்தில் நிற்கிறோம். "பேரம் பேசாமல் உடன்படிக்கை எங்கிருந்து வந்தது?" என்று அவர் கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊலாசிலின் எலிசபெத், பேசும் காளான் பாட்டி, சொல்வதைத்தான் பதிலாக வைத்தேன்: அந்த வீரனிடம் இருளின் சுவடே இல்லை, ஆகவே பாதாளம் அவனை விழுங்கிவிடும். பேரம் பேசியவனிடம் சுவடாவது இருந்திருக்க வேண்டாமா? நம்மால் முடிந்ததும் இந்தக் காரணத்தால்தான். மனிதனுக்குள் கொஞ்சம் இருள் பிறப்பிலேயே இருக்கிறது, அதனால் தாக்குப்பிடிக்கிறான். அவனுடைய தூய்மையே அவனுக்கு எமன். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. மோதிரக் கணக்கு இன்னும் தீரவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

எல்லா ஊகங்களையும் குப்பை என்று சொல்லவில்லை. சில ஊகங்களைக் கேட்டால் எழுந்து நின்று கைதட்டத் தோன்றும். இடது கை பற்றிய ஊகத்தைப் பாருங்கள். அவன் பிறவியிலேயே இடதுகைக்காரன், வாள் பிடிக்கும் கை ஒடிந்துவிட்டதால் பழகாத கையால் நம்மோடு சண்டை போடுகிறான், அப்படியும் நம்மை இந்தப் பாடு படுத்துகிறான் என்கிறார்கள். ஆதாரம் என்னவோ நூல் மெலிசுதான். ஆனால் அவன் உடம்பைப் பார்த்துப் பிறந்த ஊகம் அது. தொங்கும் கையைப் பார்த்தவருக்குத் தோன்றியது.

கியாரனின் கதை அதைவிட மேல். அரசனின் நால்வரில் ஒருத்தி, முகமூடி போட்ட கொலையாளி. ஆர்டோரியஸை நாம் கொன்ற பிறகு அந்த அரங்குக்குத் திரும்பினால் அங்கே நிற்கிறாள். அவனுடைய ஆன்மாவைத் தன்னிடம் தரும்படி கேட்கிறாள், முறையாக அஞ்சலி செலுத்த வேண்டுமாம். கொடுத்தால் தன் இரண்டு கத்திகளையும் நமக்குக் கொடுத்துவிடுகிறாள். காதல் என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. இனி முதல் விளையாட்டுக்கு வாருங்கள். காட்டில் ஆர்டோரியஸின் கல்லறைக்குப் பின்னால் ஒரு பிணம் கிடக்கிறது என்றேனே, அதனிடம் இருப்பது குளவி மோதிரம். குளவி மோதிரம் கியாரனுடையது. ஆயுதத்தை நம்மிடம் கொடுத்துவிட்டு, அவன் கல்லறைப் பக்கத்திலேயே இருந்து செத்துப்போனாள் என்று ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள். விளையாட்டு இதை உறுதி செய்யவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் நம்புகிறேன். ஒரு மோதிரம் கிடக்கும் இடத்தை வைத்து ஒரு பெண்ணின் மிச்ச வாழ்க்கையைப் படித்துச் சொன்ன அந்த முகம் தெரியாத ஆளுக்கு என் வந்தனம்.

பொய்த்துப்போன ஊகங்களும் ஏராளம். சூரியனை வணங்கும் சோலேர்தான் க்வினின் மூத்த மகன் என்று எத்தனை பேர் அடித்துச் சொன்னார்கள்! 2016இல் மூன்றாம் பாகத்தில், அந்த மூத்த மகன் இவன்தான் என்று தோன்றும்படி பெயரற்ற அரசன் வந்து நின்றதும் அந்தக் கூடாரம் காலியானது. அதைப் பற்றி இப்போது பேச்சில்லை.

அதே மூன்றாம் பாகத்தில் ஆர்டோரியஸின் கதைக்கு ஒரு பின்கதையும் இருக்கிறது. பாதாளக் காவலர்கள் என்று ஒரு படை. ஓநாயின் இரத்தத்தைப் பகிர்ந்து குடித்து ஒரே ஆன்மாவாகக் கட்டுண்டவர்கள். ஒரு நாட்டில் பாதாளத்தின் வாடை அடித்தாலே போதும், நாட்டையே புதைத்துவிடுவார்கள். அவர்கள் சண்டை போடுவதைப் பார்த்தால், அரங்கில் பித்துப்பிடித்து நின்ற ஆர்டோரியஸின் பாய்ச்சலும் சுழற்சியும் அப்படியே தெரியும். அவன் நலமாக இருந்தபோது எப்படி வாள் வீசினான் என்பதை நாம் எந்த விளையாட்டிலும் பார்க்கவில்லை. ஒரு வீரன் சிதைந்த நிலையில் துள்ளிய துள்ளலை ஒரு படையே வித்தையாகப் பயின்றிருக்கிறது என்று ரசிகர்கள் சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. தப்பான கதையிலிருந்து ஒரு படை முளைத்து, அந்தப் படை நாடுகளைப் புதைக்கிறது. ஆர்டோரியஸ் பேராசைக்காரன் என்ற கட்சியிடம் இதற்கு ஈடான எதுவும் இல்லை.

நேற்று நண்பர் கடைசியாகக் கேட்டது: "சரி, அவன் மனத்தில் என்ன இருந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?" தெரியாதுதான். வாய் திறந்து ஒரு சொல் சொல்லாதவனின் மனத்தை எப்படிப் படிப்பது? ஆனால் அவன் கடைசியாகச் செய்த ஒரு காரியம் அங்கேயே கிடக்கிறது. பாதாளத்தின் பிளவுக்குள் ஒரு மாயச் சுவர். அதைத் தட்டி உடைத்தால் உள்ளே சிஃப், அப்போது சின்னஞ்சிறு ஓநாய். சுற்றிலும் கருநிழல்கள். நடுவில் ஒளி வளையம் ஒன்று குட்டியைக் காத்து நிற்கிறது. அந்த வளையம் ஆர்டோரியஸின் கேடயத்திலிருந்து பிறந்தது. இருளைத் தடுக்கும் கேடயத்தை ஓநாய்க்குட்டிக்கு வைத்துவிட்டு, ஒடிந்த கையோடு வெறும் வாளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். வலிமைக்காக இருளிடம் கையேந்தியவன் தன்னிடம் இருந்த ஒரே காப்பை ஒரு மிருகத்துக்கு விட்டுவிட்டுப் போவானா? இதற்கு நண்பர் பதில் சொல்லவில்லை. தூக்கம் வருகிறது என்றார்.

சிஃப் பற்றியும் ஊகங்கள் உண்டு. அது கல்லறைத் திருடர்களை விரட்டவில்லை, மோதிரத்தை எடுத்துக்கொண்டு தன் எசமானன் போன வழியில் இன்னொருவன் போய்ச் சாகக்கூடாது என்றுதான் குறுக்கே நிற்கிறது என்கிறார்கள். கூடுதல் அத்தியாயத்தை முதலில் ஆடி, குட்டியைக் காப்பாற்றிவிட்டு, பிறகு கல்லறைக்குப் போனால் காட்சி மாறும். வளர்ந்த ஓநாய் நம்மை மோந்து பார்க்கும். அடையாளம் தெரிந்துகொள்ளும். தலையைத் தூக்கி ஒரு முறை ஊளையிட்டுவிட்டு, அப்புறமும் நம்மோடு சண்டை போட வாளை வாயில் கவ்வும். உயிர் குறையக் குறைய நொண்டும், வாளைத் தூக்க முடியாமல் தள்ளாடும்.

முதல் முறை ஆடியபோது இது எதுவும் தெரியாமல் அதைக் கொன்றேன். இரண்டாம் முறை குட்டியைக் காப்பாற்றிய பிறகு காட்டுப் பக்கம் வந்தேன். கல்லறைக்குப் போகும் கதவைத் திறக்கும் சின்னத்தைக் கொல்லன் ஆண்ட்ரே இருபதாயிரம் ஆன்மாக்களுக்கு விற்கிறான்; அந்த உலகத்தில் காசு என்றால் ஆன்மாதான். என்னிடம் அதற்கு மேலேயே இருந்தது. வாங்கவில்லை. ஆட்டத்தை முடிக்கச் சேர்க்க வேண்டிய நான்கு பேரான்மாக்களில் மூன்றைச் சேர்த்தாயிற்று. நான்காவது பாதாளத்தில் இருக்கிறது, அதற்கு அந்த மோதிரம் வேண்டும். ஆட்டம் அங்கேயே நிற்கிறது, நான்கு வருடமாக. நேற்று பேச்சு முடிந்ததும் கணினியைத் திறந்து, கொல்லனின் கடைக்குப் போய், அவன் சுத்தியல் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மூடிவிட்டேன்.