ஓடுகிற டிரைவரை ஏன் நோண்டுகிறீர்கள்?

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையிலோ டவுனிலோ ஒரு கடையில் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் ஓ.எஸ். போட்டு வாங்கினால், கேட்காமலே கூட ஒன்று வரும். ஆன் செய்ததும் மூலையில் சிவப்பாக எட்டிப் பார்த்து ‘உங்கள் டிரைவர்கள் காலாவதி ஆகிவிட்டன’ என்று மிரட்டும் டிரைவர் அப்டேட்டர். டிரைவர் என்பது பிரிண்டர், வைஃபை மாதிரிச் சாதனங்களை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்; அதைப் புதுசாக மாற்றுகிறேன் என்று வருவதுதான் இந்த அப்டேட்டர். பல நேரம் அதுவும் கிராக் செய்த பதிப்பு. கடைக்கார நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் அவசரம் புரிகிறது. சாயங்காலத்துக்குள் வரிசையாக மெஷின்களை முடித்துக் கொடுக்க வேண்டும். ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும் ஏறினால் வேலை மிச்சம். ஆனால் அதற்கப்புறம் அந்த மெஷினோடு குடும்பம் நடத்தப்போவது வாங்கிப்போனவர்தானே?

முதலில் இந்தக் ‘காலாவதி’ சமாச்சாரம். விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சிஸ்டம் டிவைசஸ் பட்டியலில் ஏதாவது ஒன்றின் பிராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கத்தைப் பாருங்கள். பலவற்றில் தேதி 21-6-2006 என்று இருக்கும். போன வருஷம் வாங்கிய லேப்டாப்பிலும் அதே தேதிதான். பார்த்தவுடன் வயிறு கலங்கும். கலங்க வேண்டாம், அது மைக்ரோசாஃப்ட் தெரிந்தே போட்ட தேதி. ஒரு சாதனத்துக்குச் சமமாகப் பொருந்தும் டிரைவர்கள் இரண்டு இருந்தால், விண்டோஸ் தேதி புதியதாக உள்ளதை எடுத்துக்கொள்ளும். சாதனத்தைச் செய்தவன் கொடுக்கும் டிரைவர்தான் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக, தன்னுடைய பொதுவான டிரைவர்களுக்கு விஸ்டா காலத்துத் தேதியைக் குத்திவைத்திருக்கிறார்கள். உண்மையான வயது பக்கத்திலிருக்கும் பதிப்பு எண்ணில்தான் தெரியும். வெறும் தேதியைப் பார்த்துப் பழசு என்று முடிவுகட்டுவதில் அர்த்தமே இல்லை.

சரி, புதுசு போட்டால்தான் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். டிரைவர் என்பது வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருக்கும் வேலையாள் மாதிரி. சாதாரண மென்பொருள் தடுமாறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். விண்டோஸின் மையமான கெர்னலில் ஓடும் டிரைவர் தடுமாறினால் மொத்த மெஷினும் நீலத்திரையில் போய் விழும். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட்டில், அதன் டிரைவர் படிக்கும் ஒரு கோப்பு பிழையாக இருந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் முன்னால் 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 டிரைவர் சில கிராஃபிக்ஸ் கார்டுகளின் விசிறியைச் சரியாக ஓடவிடாமல் சூடேற்றியது, திரும்பப் பெற்றார்கள். பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், யார் எவர் என்று தெரியாத ஒரு அப்டேட்டர் எங்கிருந்தோ இறக்கித் தருவதை எந்த தைரியத்தில் ஏற்றுகிறோம்?

இதை நான் கண்ணால் கண்டது அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். நவம்பர் மாதம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றுக்காக வரும் நேரம். பீடி சுற்றி ஓய்ந்து பி.எஃப். பென்ஷன் வாங்கும் ஆச்சிகளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கைரேகை மெஷினில் விளக்கு எரிகிறது, அதை ஆதாரோடு இணைக்கும் ஆர்.டி. சர்வீஸ் என்ற மென்பொருள் மட்டும் மெஷினே இல்லை என்கிறது. ‘நேத்து ராத்திரி வர ஓடிச்சு அண்ணாச்சி, காலைல வந்து பாத்தா இப்படி நிக்கி’ என்றான் கடைப் பையன். ராத்திரி அந்த அப்டேட்டர் தானாக ஓடி, மெஷினுக்கென்று இருந்த டிரைவரைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்திருந்தது. டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் பொத்தான் மங்கிக் கிடந்தது, அழுத்த முடியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மெஷின் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து டிரைவரையும் ஆர்.டி. சர்வீஸையும் மறுபடி போட்டு, ரீஸ்டார்ட் செய்து விரல் பதிவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு ஆச்சி அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போயே போய்விட்டார்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் கிளம்பும்: ‘அப்படின்னா ஒண்ணையும் தொடாத, அப்டேட்டையே ஆஃப் பண்ணிப் போடு, சவத்தத் தள்ளு!’ அதுவும் தப்பு. 2021இல் பிரிண்ட் நைட்மேர் என்று விண்டோஸில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. பிரிண்டர் டிரைவர் ஏற்றும் வழியாகவே நுழைந்து ஒருவன் மொத்தக் கணினியையும் கைப்பற்ற முடியும். பட்டா, சிட்டா, ஆதார் நகல் எல்லாம் ஒரே கணினியில் கிடக்கும் ஜெராக்ஸ் கடைக்கு இது விளையாட்டில்லை. மாதாமாதம் வரும் விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டை மறிக்கவே கூடாது. ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று தனியாக ஒரு பக்கத்தில் டிரைவர்கள் வரிசையாக நிற்கும் பாருங்கள், அங்கே மட்டும் நிதானம் வேண்டும். குறிப்பிட்ட ஒரு பிரச்சினை இருந்தால் இவை உதவலாம், இல்லையென்றால் தானாக வருவதே போதும் என்ற பொருளில் மைக்ரோசாஃப்டே அங்கு எழுதி வைத்திருந்தது. படிக்காமல் எல்லாவற்றிலும் டிக் அடிப்பவர்கள்தான் அதிகம்.

வைஃபை அடிக்கடி விழுகிறது, ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று நிஜமாகவே காரணம் இருந்தால் மாற்றுங்கள். லேப்டாப் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்து, தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். கூகுளில் தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். எந்தச் சாதனம் என்றே தெரியாமல் மஞ்சள் குறியோடு நின்றால், பிராப்பர்ட்டீஸில் ஹார்டுவேர் ஐடி இருக்கும். அதில் தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல்.

மாற்றுவதற்கு முன் திரும்பி வர வழி வைத்துக்கொள்ள வேண்டும். பல மெஷின்களில், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சிஸ்டம் ரீஸ்டோர் அணைந்தே கிடக்கும். சி டிரைவுக்கு அதை ஆன் செய்து ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் உருவாக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு டிரைவர். பத்தைச் சேர்த்து ஏற்றிவிட்டு எது கெடுத்தது என்று தேடுவது வெட்டி வேலை. வைஃபை, லேன் டிரைவர்களை ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள், ஏனென்றால் ஃபார்மட் அடித்த பிறகு நெட் இல்லாமல் நெட் டிரைவரை எங்கே போய் இறக்குவது? மாட்டிக்கொண்டால் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யு.எஸ்.பி. டெதரிங் போட்டு போனின் நெட்டைக் கணினிக்குக் கொடுங்கள், பெரும்பாலும் அதற்குத் தனி டிரைவர் தேவைப்படாது.

இந்த அப்டேட்டர்களில் சில, கணினியை எழுப்பிவிடும் போர்டு மென்பொருளான பயாஸையும் புதுப்பிக்கச் சொல்லும். அங்கேதான் எனக்கு உண்மையிலேயே பயம். பயாஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டே செத்துவிடலாம். ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்றும் செய்யாது. நம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று மின்தடை செய்யும் நாள் முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும், ஐப்பசி கார்த்திகை மழையில் போகும் கரண்டுக்கு அறிவிப்பு கிடையாது. லேப்டாப்பில் சார்ஜும் இருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். டெஸ்க்டாப்பில், சுவிட்சை அணைத்துப் பார்த்து யு.பி.எஸ். பத்து நிமிஷமாவது தாங்குகிறதா என்று சோதித்த பிறகு கை வையுங்கள். தாங்கவில்லையா, அதற்கு பேட்டரி மாற்றுவதுதான் இப்போதைக்கு உங்கள் அப்டேட்.