பழைய புல்லட்டுக்கு டிஸ்க் போடும் முன்...

பழைய புல்லட் வாங்கியதும் சைலன்சர் மாற்றுகிறோம், பெயின்ட் அடிக்கிறோம், சீட் தைக்கிறோம். முன் பிரேக்கை மட்டும் "புல்லட்னா அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இரண்டு பேர் ஏறினால் மொத்த எடை 300 கிலோவை எட்டிவிடும். பிரேக் பிடித்ததும் அந்த எடை முன்பக்கம் வந்துவிடும், பின் சக்கரம் லேசாகி வழுக்கத் தொடங்கும். அதனால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். நம் ஊரிலோ வண்டி பழகும்போதே "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்" என்று பயமுறுத்தி வைத்திருக்கிறோம். திருப்பத்திலோ மணலிலோ வெடுக்கென்று பிடித்தால் விழத்தான் செய்வோம். நேர் ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பிடிக்கத் தெரிந்திருந்தால், ஆபத்து நேரத்தில் காப்பாற்றுவதும் அதே பிரேக்தான்.

சரி, உடனே டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிப்பது) போட்டுவிடலாமா? என் கருத்து: முதலில் இருக்கிற டிரம் பிரேக்கை முழுதாகச் சரிசெய்யுங்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள டிரம்முக்குள் ஷூ என்ற இரண்டு வளைந்த கட்டைகள் விரிந்து உரசுவதால்தான் வண்டி நிற்கிறது. பெரும்பாலான புல்லட்டுகளில் டிரம் தன் பலத்தில் பாதியைக்கூடக் காட்டுவதில்லை.

புது ஷூ போட்டுவிட்டேன், இன்னும் பிடிக்கவில்லை என்பார்கள். ஷூவின் மேல் ஒட்டிய உரசும் பட்டைதான் லைனிங். அது முழுக்க சாக்பீஸ் தேய்த்து மாட்டி, சக்கரத்தைச் சுற்றி, லேசாகப் பிரேக் பிடித்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். நடுவிலோ ஒரு முனையிலோ மட்டும் சாக்பீஸ் அழிந்திருக்கும். அதாவது அவ்வளவு இடம்தான் டிரம்மைத் தொடுகிறது. அழிந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும். லைனிங் முழுதும் படிகிற வரை பொறுமை தேவை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடையுங்கள், தேய்க்கும்போதும் நனைத்தே தேயுங்கள்.

அப்புறம் கேபிள். உள்ளே துருப்பிடித்த கேபிள், கையின் பலத்தைப் பாதி வழியிலேயே தின்றுவிடும். பிரேக்கை முழுதாகப் பிடித்த நிலையில் டிரம் பக்கத்து லிவரும் கேபிளும் செங்கோணத்தில் நிற்க வேண்டும். ஷூ தேயத் தேய அட்ஜஸ்டரை மட்டும் முறுக்கிக்கொண்டே போனால் அந்தக் கோணம் கெட்டு, இழுவை குறைந்துவிடும். கடைசியாக ஆக்சில் நட்டைத் தளர்த்தி, பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே நட்டை முறுக்குங்கள். ஷூக்கள் நடுவில் வந்து உட்காரும்.

பழைய 6 இஞ்ச் டிரம்மில் ஒரு ஷூதான் சக்கரம் சுற்றும் திசையில் தானாக இறுகும். பிற்காலத்தில் வந்த 7 இஞ்ச் டிரம்மில் இரண்டுமே அப்படி இறுகும். ஆனால் இரண்டு ஷூவையும் விரிக்கும் வெளி லிவர்களை இணைக்கும் ராடின் நீளம் சரியாக இருந்தால்தான் ஷூக்கள் ஒரே நேரத்தில் தொடும். அந்த ராடை யாரும் தொட்டுப் பார்ப்பதே இல்லை! இந்த பிரேக் பின்னோக்கி உருளும்போது சரியாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். மேட்டில் நிறுத்தும்போது பின் பிரேக்கும் வேண்டும்.

இவ்வளவு செய்தும் டிரம்முக்கு ஓர் எல்லை உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் டிரம் சூடாகி விரிந்து ஷூவைவிட்டு விலகும், பிரேக் மங்கும். அடிக்கடி மலையேறுகிறவர்கள் டிஸ்க்குக்குப் போவது நியாயம். ஆனால் போட்டால் முழு செட்டாகப் போடுங்கள்: டிஸ்க் வந்த புல்லட்டின் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரு கால்கள்), ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), 280 மி.மீ. டிஸ்க், கேலிபர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி), மாஸ்டர் சிலிண்டர் (கை லிவரை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பகுதி) எல்லாம் ஒரே வண்டியுடையதாக இருக்கட்டும். பழைய ஃபோர்க் காலில் கேலிபர் மாட்ட இடம் கிடையாது. அங்கே பிராக்கெட் வெல்டிங் செய்து தருகிறோம் என்று எந்தப் பட்டறையில் சொன்னாலும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது வரும் முறுக்கு முழுதும் அந்த ஓர் இடத்தில்தான் இறங்கும். வேறு வண்டியின் மாஸ்டர் சிலிண்டரும் வேண்டாம். அதன் பிஸ்டன் பெரிதாக இருந்தால் லிவர் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறாத டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயில் 230 டிகிரி செல்சியசுக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால் அதைச் சுழற்றும் பகுதியான டிரைவையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

எந்தப் பிரேக்காக இருந்தாலும் டயர் ரப்பர் பழசாகிக் காய்ந்து இறுகியிருந்தால் பயனில்லை. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ன் 23-வது வாரத்தில் செய்தது. அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதல் செலவு அதற்குத்தான்.

ஓர் உதவியும் வேண்டும். வட்டம் கெட்ட டிரம்மை, ஸ்போக் கட்டிய 19 இஞ்ச் சக்கரத்தோடு அப்படியே லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) மாட்டிக் கடைய வேண்டும். தனி ஹப்பைக் கடைந்துவிட்டுப் பிறகு ஸ்போக் இறுக்கினால் திரும்பவும் வட்டம் கெடும். அவ்வளவு பெரிய லேத் வைத்திருப்பவர் திருச்சி, கரூர் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கேட்கிற நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.