கைப்பிடி அரிசியை விட்டுவிட்டீர்களே
பிள்ளைகள் மனதில் விசுவாசம் நிற்க மிஷனரிகளின் சரித்திரத்தைச் சொல்லிக்கொடுங்கள், விடுமுறையில் அவர்கள் வாழ்ந்த இடங்களுக்குக் கூட்டிப்போங்கள் என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. நல்லதுதான், ஆனால் அந்தச் சரித்திரத்திலேயே பாதியைக் காணோம். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஊழியர்களை அனுப்பினார்களே, அதற்குப் பணம் சீமையிலிருந்து வரவில்லை; திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கைதான். சங்கத்தை முன்னின்று தொடங்கிய வே.ச. அசரியா 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார், அவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனிக் கலயத்தில் எடுத்துவைக்கும் நம் ஊர்ப் பெண்களை யார் வீரர்கள் வரிசையில் சேர்த்தார்கள்? எங்கள் ஆச்சி அந்தப் பிடியை எங்களைத்தான் அள்ளச் சொல்வாள். தம்பி கை சின்னது, நான்தான் அள்ளுவேன் என்று எனக்கும் அவனுக்கும் தினம் சண்டை. ரேஷன் அரிசியை நம்பி ஓட்டிய மாதங்களிலும் கலயம் காலியாக ஆலயத்துக்குப் போனதில்லை. ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாடம் செய்த வசனங்களில் பாதி மறந்துபோச்சு, இது மறக்கவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ‘வேலைக்குப் போகிற பெற்றோருக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்’ என்று கேட்டவருக்கு: குக்கரில் அரிசி போடுகிற நேரம் போதும். சென்னையில் எங்கள் வீட்டில் கலயத்துக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா. மாதக் கடைசியில் பக்கத்து முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோகிறோம். அள்ளிப்போட மறந்துவிட்டால் விசில் வந்த பிறகும் குக்கரைத் திறக்கச் சொல்லி மகள் அழுகிறாள், அது வேறு தொல்லை.