தையல் மெஷினும் மேடம் வாக்கரும்

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் கணவரை இழந்த பெண்ணுக்கு வாழ்வாதார உதவி என்றால் தையல் மெஷின், இல்லாவிட்டால் கோழிக்குஞ்சு. கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போட்டால் சரி. தைத்த சட்டையை யார் வாங்குவது என்று கேட்க ஆளில்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

இதற்கு வேறு வழி காட்டியவர், தலைமயிர்ப் பூச்சு விற்ற மேடம் சி. ஜே. வாக்கர் என்ற சாரா. அவர் 1867இல் அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்தவர். தாய் தகப்பன் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். ஏழு வயதில் இருவரும் இல்லை. 14இல் கல்யாணம், 20இல் கைம்பெண், கையில் ஒரு பெண்பிள்ளை. செயின்ட் லூயிஸில் ஊரார் உடுப்புத் தோய்த்துத்தான் பிள்ளையை வளர்த்தார்.

அவருக்குத் தலைமயிர் கொட்டியது. குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகளில் அடிக்கடி தலை தோய வசதியில்லை. பொடுகும் புண்ணும் பல பெண்களுக்கு இருந்தன. பிற்பாடு அவர் விற்றது கந்தகமும் வாஸ்லைன் மாதிரி ஒன்றும் கலந்த பூச்சு. அதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஆனி மலோன் என்பவர் அப்படியொன்றை முதலே விற்றார்; சாராவே அவருடைய முகவராக இருந்தவர். (மலோனை இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? அது வேறு அநியாயம்.)

வாக்கரின் கெட்டித்தனம் வேறு இடத்தில். உடுப்புத் தோய்த்தும் வீட்டுவேலை செய்தும் இருந்த பெண்களுக்குத் தலையை எப்படிக் கழுவுவது, எப்படிப் பூசுவது, எப்படி விற்பது என்று பழக்கி, ஆயிரக்கணக்கில் முகவர்களாக்கினார். 1910இல் இண்டியானாபொலிஸ் போய் அங்கே தொழிற்சாலையும் வைத்தார். 1917இல் பிலடெல்பியாவில் முகவர்களைக் கூட்டியபோது, கூடுதலாக விற்றவருக்கு மட்டுமல்ல, தன் ஊருக்குக் கூடுதலாகத் தானம் கொடுத்தவருக்கும் பரிசு. கறுப்பின மக்களை அடித்துக் கொல்வதை நிறுத்தச் சொல்லி ஜனாதிபதிக்குத் தந்தியும் அந்தக் கூட்டத்திலிருந்தே போனது.

இங்கேயும் செவ்வரத்தம்பூவும் கற்றாழையும் போட்டு எண்ணெய் காய்ச்சும் அக்காமார் இருக்கிறார்கள். எண்ணெயில் குறையில்லை. காய்ச்சுவதும் அவர்தான், போத்தல் கழுவுவதும், வட்ஸ்அப்பில் பதில் போடுவதும், கொழும்புக்குப் பார்சல் கட்டுவதும் அவரேதான். பிறகு எப்படி வளர்வது? வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர்களே, ஒருவர் காய்ச்ச, பத்துப் பேர் கொமிஷனுக்கு விற்கப் பழக்குங்கள். முதல் சில மாதச் செலவை மட்டும் பாருங்கள்.

“பொம்பிளைப்பிள்ளை வீடு வீடாகப் போய் எண்ணெய் விக்கிறதோ?” என்று கேட்க ஆட்கள் வருவார்கள். சுன்னாகம் சந்தையில் மரக்கறி விற்கும் பெண்ணிடம் பேரம் பேசும்போது அவர்களுக்கு அந்த வெட்கம் வருவதில்லை.